கிரீவ் கொண்டுவந்த அரிசி

டொஹுக் அருகே, முகாம்
பிப்ரவரி 2, 2022

மகள் கோஹருக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. சில எழுத்துகள் கொழுத்தும் சில மெலிந்தும் நிற்கின்றன. வரி வலப்பக்கம் ஏறி இடப்பக்கம் சரிகிறது. மண்வெட்டி பிடித்த கை, பென்சிலையும் அப்படியே பிடிக்கிறது. தாள் கிழிந்திருக்கும் இடங்களில் சொல் இருந்தது என்று வைத்துக்கொள். இவ்வளவு எழுதுவதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. இருந்தாலும் எழுதியது நான்தான், உன் மாமன் ஜெந்தோ.

சிரிக்காதே. முகாமில் பெரியவர்களுக்குப் பள்ளி திறந்திருக்கிறார்கள். ஆசிரியையின் பெயர் பெரிவான், என் கடைசி மகள் பெசேயைவிடச் சின்னவள். "ஜெந்தோ அப்பா, பென்சில் கழுத்தை ஏன் நெரிக்கிறீங்க, அது என்ன கோழியா?" என்கிறாள். என் தகப்பன் காலத்தில் எழுத்து என்பது நம் பூசாரிகளான ஷேக் குடும்பத்தாரின் சொத்து. நம்மைப் போன்ற யஸீதிக் குடியானவன் அதைத் தொட்டால் கண் அவிந்துபோகும் என்பார்கள். எனக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது, கண் எப்படியும் அவிந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் தொட்டுவிட்டேன். நேற்று ரேஷன் எண்ணெய் டின்னில் எழுதியிருப்பதைப் படித்தேன். சூரியகாந்தி என்று இருந்தது. அன்று முழுக்க எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

நீ என் மகன் சமோவைக் கட்டி வந்த நாளிலிருந்து என் முன்னால் வாய் திறந்து பேசியதில்லை. மாமனாரிடம் மருமகள் பேசுவது நம் வழக்கம் இல்லை. கறுப்புக்கொடிக்காரர்கள் நம் ஊருக்கு வந்து, சமோவைக் கொன்று, உன்னைக் கொண்டுபோன பிறகு, பேசியிருக்கலாமே என்று எத்தனையோ நாள் நினைத்தேன். தாளுக்கு அந்த வழக்கம் கிடையாதாம். பெரிவானிடம் கேட்டுவிட்டேன். அவளுடைய தொண்டு நிறுவனத்தார் ஜெர்மனி போகும்போது இதைப் பையில் எடுத்து வருவார்கள். நீயும் அவர்களிடமே கொடு.

ஒரு நல்ல சேதி. கிரீவ் ஹம்தான் தொலைபேசியில் பேசினான். எத்தனையோ அராபிய அண்டைவீட்டார் நம்மைக் காட்டிக் கொடுத்தார்கள், இவன் மட்டும் முறையை மறக்கவில்லை. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. சமோவுக்குச் சுன்னத்து செய்தபோது பிள்ளையை மடியில் வைத்திருந்தவன் ஹம்தான். ரத்தம் அவன் அங்கியில் சொட்டியது. அன்றிலிருந்து இரண்டு வீடும் கிரீவ், ஒரே ரத்தம். ஏழு தலைமுறைக்குப் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மூன்று வருஷம் தேடி, உன்னை மீட்டு, சோதனைச்சாவடியில் என் கையில் ஒப்படைத்தவனும் அவனே.

உன் முகவரியைக் கேட்டான். கொடுக்கட்டுமா?

ஜெந்தோ


ஜெர்மனி
பிப்ரவரி 18, 2022

மாமா,

கொடுக்காதீர்கள். முகவரி வேண்டாம், ஊர்ப் பெயர் வேண்டாம், நான் உயிரோடிருக்கிறேன் என்பதுகூட வேண்டாம்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். எண்ணெய் டின் வரும் இடத்தில் சிரித்துவிட்டேன். அடுத்த பத்தியைப் படித்ததும் கதவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நான் மூன்று வருஷம் யார் வீட்டில் இருந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. மரியாதைக்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஹம்தானின் மகன் தஹாம் வீட்டில். தால் அஃபார் சந்தையில் என்னை விலைக்கு வாங்கியவன் அவன்தான். ஹம்தான் என்னைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் மகன் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சோறு வைத்தவள் நான். என் முகத்தைப் பார்க்கமாட்டார். "உப்பு கம்மி" என்பார். ஊர் அரசுப் படையின் கைக்கு மாறியபோது, மகனைத் தப்ப வைத்துவிட்டு, என்னைக் கொண்டுவந்து உங்களிடம் விட்டார். நீங்கள் அவர் கையை முத்தமிட்டீர்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வருஷம் இங்கே மருந்துக்கடை வரிசையில் தஹாம் எனக்கு முன்னால் நின்றான். அகதி என்று சொல்லி வந்திருக்கிறான். இப்போது சிறையில் இருக்கிறான். வழக்கு நடக்கிறது. ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி நான் சாட்சி சொல்ல வேண்டும்.

அவன் சொல்வதைக் கேளுங்கள். "அவ என் கிரீவோட மனைவி. எனக்குத் தங்கச்சி முறை. காப்பாத்தத்தான் வாங்கினேன். எங்க முறைப்படி அவமேல என் விரல்கூடப் படக்கூடாது." நீதிபதிகள் நம் முறையைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அதை மீறுவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம் என்று யாரோ ஒரு பேராசிரியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை மொழிபெயர்த்து எனக்கே வாசித்துக் காட்டினார்கள்.

நம் முறையையே அவன் கேடயமாகப் பிடித்து நிற்கிறான். என்னிடம் இருப்பது என் வாய் மட்டும்தான்.

உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

கோஹர்


முகாம்
மார்ச் 9, 2022

மகளே,

உன் கடிதத்தை நானே படித்தேன். பெரிவானிடம் கொடுக்கவில்லை. ஒரு வரி படித்துவிட்டு வெளியே போய் நிற்பேன், திரும்பி வந்து அடுத்த வரி. முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அவன் கையை முத்தமிட்ட உதட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஹம்தான் வந்துவிட்டான்.

நான் எதையும் கொடுக்கவில்லை, அவனாகவே வந்தான். வெள்ளை வண்டி. கூட மூன்று இளைஞர்கள். ஒரு மூட்டை அரிசி, ஒரு டின் நெய், பேரீச்சம்பழம். மூலையில் இறக்கி வைத்துவிட்டுக் கூடாரத்தில் உட்கார்ந்தார்கள். வெளியே போ என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. வழக்கம் என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் அது பயம்தான். தேநீர் போட்டேன்.

"இளைச்சுட்டியே கிரீவ்" என்றான்.

"வயசாகுதுல்ல கிரீவ்."

"பெசே தையல் வேலைக்குப் போறாளாமே. அந்தப் பச்சை கேட் போட்ட இடந்தானே?"

நான் அவன் கோப்பையை நிரப்பினேன்.

"தனியாவா நடந்து வர்றா? காலம் கெட்டுக் கிடக்கு. சொல்றேன்னு தப்பா நினைக்காதே."

பிறகு ஒரு தாளை எடுத்தான். இரண்டு வீடும் கிரீவ், தஹாம் உன்னைத் தங்கையாக வைத்திருந்தான், ஹம்தான் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டான், இவ்வளவுதான் அதில் இருக்கிறதாம். மைப்பெட்டியும் கொண்டு வந்திருந்தான். "ஒரு விரல் வை, போதும்."

மகளே, அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியதைக் கேள். "விரல் எதுக்கு கிரீவ்? நான் இப்ப பள்ளிக்கூடம் போறேனாக்கும். கையெழுத்தே போடுறேன்" என்றேன்.

ஓர் இளைஞன் சிரித்துவிட்டான். "போடுங்க பெரியவரே, பாப்போம்."

"ஆனா என் பேர்ல பாதிதான் பாடம் நடந்திருக்கு. மீதிப் பாதி செம்புதன் பண்டிகைக்குள்ள வந்துடும். பாதிப் பேரோட கையெழுத்துப் போட்டா ஜெர்மன்காரன் ஒத்துப்பானா?"

ஹம்தான் என்னையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. "நீ எப்பவுமே வேடிக்கைக்காரன்" என்றான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தான். ஒரு படத்தைக் காட்டினான்.

இதை எழுத உட்கார்ந்து பென்சிலை நான்கு முறை சீவிவிட்டேன்.

ஒரு பையன். ஆறு வயது இருக்கும். முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. பின்னால் ஒரு புறாக்கூண்டு, அதற்கும் பின்னால் கோதுமைக் கிட்டங்கியின் உயரமான உருளைக் கோபுரங்கள். "உன் மருமக பெத்தது. எங்க வீட்டுலதான் வளருது" என்றான். "அவ நீதிமன்றத்துல வாயைத் திறந்தா பையனை எல்லை தாண்டி அனுப்பிடுவோம். அப்புறம் அவன் எந்த மண்ணுல இருக்கான்னு யாருக்கும் தெரியாது. சும்மா இருந்தா எப்பவாவது குரலைக் கேட்கலாம். நீயும் யோசி. இது தெரிஞ்சா உங்க ஆளுங்க அவ பேரைச் சொல்லுவாங்களா?"

மீதிக் கையெழுத்துக்குச் செம்புதனுக்கு மறுநாள் வருவானாம். ஏப்ரல் இருபத்தொன்று. உன் சாட்சி நாள் அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

அவன் சொல்வது பொய்யா? ஆம், இல்லை என்று மட்டும் எழுது. அதற்கு மேல் நான் கேட்கமாட்டேன்.

ஜெந்தோ


ஜெர்மனி
மார்ச் 25, 2022

மாமா,

பொய் இல்லை.

முன்பல் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் விட்டு வந்தபோது அந்தப் பல் முளைத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தப் பல்லால் என் தோளைக் கடிப்பான்.

நீங்கள் கேட்கமாட்டேன் என்றீர்கள். நான் சொல்கிறேன். லாலிஷ் கோயிலில் வெள்ளை ஊற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றி எங்களைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். பெண்கள் வரலாம், அவர்கள் பெற்ற பிள்ளைகள் வரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னபோது நீங்களும் கூட்டத்தில் நின்று தலையாட்டினீர்கள். ஈரத் தலையோடு நான் உங்களைப் பார்த்தேன். அன்று உங்கள் மகன் இறந்தது தெரியும், ஊரைவிட்டுத் தப்பி ஏறிய மலையில் உங்கள் மனைவி தண்ணீர் இல்லாமல் இறந்ததும் தெரியும். அதனால் உங்கள் மேல் கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். இப்போது கோபப்படுகிறேன்.

சோதனைச்சாவடிக்குப் போகும் வழியில் ஹம்தான் வண்டியை நிறுத்தி, "இதை உங்க ஆளுங்க சேர்த்துக்க மாட்டாங்க, கொடு" என்றார். கொடுத்தேன். அவர் சொன்னது சரிதான். அதுதான் என்னால் தாங்க முடியாதது.

வழக்கறிஞரிடம் பிள்ளையைப் பற்றி நான் சொல்லவில்லை. சொன்னால் தஹாமின் "தங்கச்சி" கதை அந்த நிமிஷமே முடிந்துவிடும், ஒரு சொட்டு ரத்தத்தைச் சோதித்தால் போதும். ஆனால் அந்த ரத்தம் ஹம்தானின் வீட்டில் புறாக்கூண்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது. சொன்னால் பையன் போய்விடுவான். சொல்லாவிட்டால் தஹாம் வெளியே வருவான், இந்த ஊரிலேயே இருப்பான். பேருந்துச் சத்தம் கேட்டால்கூட இப்போது சன்னலை விட்டுத் தள்ளி நிற்கிறேன்.

ஹம்தான் அந்தப் படத்தை உங்களிடம் ஏன் காட்டினார் தெரியுமா? நீங்கள் வெட்கப்பட்டு என்னை அடக்கிவிடுவீர்கள் என்று நம்பித்தான்.

கோஹர்


முகாம்
ஏப்ரல் 6, 2022

மகளே,

தலையாட்டினேன் என்று எழுதியிருந்தாய். ஆம், ஆட்டினேன்.

கோபப்படு. அந்த உரிமை உனக்கு இல்லை என்றால் வேறு யாருக்கு இருக்கிறது? வீட்டில் வாய் திறக்காத மருமகள் தாளில் என்னைத் திட்டியிருக்கிறாள், அதை நானே படித்தேன். கண் அவிந்துபோகவில்லை, கொஞ்சம் கலங்கியது, அவ்வளவுதான்.

நம் இரண்டு வீட்டுக்கும் ஏழு தலைமுறைக்குக் கலப்பு கிடையாது. அப்படிப் பார்த்தால் அந்தப் பையன் இருக்கவே கூடாதவன். ஆனால் இருக்கிறான். பல் விழுந்து, அடுத்த பல்லுக்குக் காத்திருக்கிறான். முறையை உடைத்தவர்கள் யார் என்பதற்கு அவன் முகத்தைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஹம்தான் என்னை வெட்கத்தால் கட்டலாம் என்று நினைத்து, தன் மகனின் பொய்யைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டுப் போயிருக்கிறான். "எங்க வீட்டுலதான் வளருது" என்றான். என் காதால் கேட்டேன், படத்தைக் கண்ணால் பார்த்தேன்.

பெரிவான் எனக்காக விசாரித்தாள், உன் பெயரைச் சொல்லாமல். இங்கிருந்தே திரை வழியாக நான் அந்த நீதிமன்றத்தில் பேசலாமாம். ஆனால் பிள்ளை உன்னுடையது. நீ சொல் என்றால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் இந்த வாயில் மண்ணைப் போட்டு மூடிக்கொள்கிறேன். இதில் நான் பெரியவன் இல்லை, நீதான். பெரிவானின் கைபேசிக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பு.

பயமாக இருக்கிறது, மறைக்கமாட்டேன். பச்சை கேட்டுக்கு எதிரே அந்த வெள்ளை வண்டி இரண்டு நாளாக நிற்கிறதாம். பெசேயை வேலைக்கு அனுப்பவில்லை. "அப்பா, நீங்க பயந்து பயந்து என்னையும் பயமுறுத்துறீங்க" என்று சண்டை போடுகிறாள், ஆனால் கத்திரிக்கோலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். அரிசி மூட்டை இன்னும் மூலையில் கிடக்கிறது. நாங்கள் அதைத் தொடவில்லை. இந்த முகாமின் எலிகள் ரப்பர்ச் செருப்பையே தின்பவை, அவைகூட அதைத் தொடவில்லை.

ஜெந்தோ


ஜெர்மனி
ஏப்ரல் 22, 2022

மாமா,

"சொல்லுங்கள்" என்று நான் அனுப்பிய வார்த்தை உங்களுக்குக் கிடைத்ததை நேற்று திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் நான் பேசினேன். தஹாமுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேசை மட்டும். நல்ல சட்டை போட்டிருந்தான், தலை குனிந்திருந்தான், பார்ப்பவர்களுக்குப் பரிதாபமாக இருக்கும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இவனால் எனக்கு ஒரு மகன் பிறந்தான்" என்றேன். மொழிபெயர்க்கும் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகுதான் அதை ஜெர்மனில் சொன்னாள். தஹாம் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். "பொய். அப்படி ஒரு பிள்ளையே கிடையாது" என்றான். அவனுடைய வக்கீல் அவன் கையைப் பிடித்து அமர்த்தினார்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். சுவர் அளவு திரையில், புது வெள்ளைச் சட்டையில். உங்கள் மீசை முழுக்க நரைத்துவிட்டது, அதை நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் பெயர் மொழிபெயர்ப்பாளருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நீங்கள் "இரும்மா, எழுதியே காட்டுறேன்" என்றீர்கள். நீதிமன்றம் முழுவதும் காத்திருந்தது. பென்சில் தாளில் உரசும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. நீதிபதி அவசரப்படுத்தவில்லை. தாளைத் தூக்கிக் காட்டினீர்கள். முழுப் பெயரும் இருந்தது.

ஹம்தான் சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னீர்கள். புறாக்கூண்டு, கிட்டங்கி, பல். "அந்தப் பையன் உங்களுக்கு என்ன உறவு?" என்று தஹாமின் வக்கீல் கேட்டார், உங்களைக் கூசவைக்கத்தான். "என் மருமகளோட மகன். அப்ப எனக்கு என்ன உறவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க" என்றீர்கள். அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தீர்ப்பு வர மாதங்கள் ஆகுமாம். தங்கச்சிக் கதை இனி நிற்காது என்று வழக்கறிஞர் சொல்கிறார். பையனைத் தேடச் சொல்லி ஈராக்குக்கு எழுதியிருக்கிறார்களாம்.

நேற்றிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹம்தான் மிரட்டியபடி அவனை வண்டியில் ஏற்றியிருந்தால், குளிருக்கு ஏதாவது போட்டிருப்பார்களா? ஏப்ரல்தான், ஆனால் அங்கே காலையில் குளிரும். நான் பேசியதால்தான் அவன் இப்போது எங்கோ இருக்கிறான்.

நீங்கள் இனி அந்தக் கூடாரத்தில் இருக்காதீர்கள்.

கோஹர்


டொஹுக் அருகே, வேறொரு இடம்
மே 4, 2022

மகளே,

இடம் மாறிவிட்டோம். எங்கே என்று எழுதமாட்டேன், பெரிவானுக்குத் தெரியும். பெசே என்னுடன்தான் இருக்கிறாள். இங்கே கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றன. கூடாரத்துத் துணிக்குப் பழகிய எனக்குக் கதவு இருப்பதே அதிகப் பயமாக இருக்கிறது, யாராவது தட்டுவார்களே என்று. காலடி கேட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் நடுநடுவே வரி விட்டுப்போயிருப்பது அதனால்தான்.

ஹம்தான் சொன்னபடி வரவில்லை. அரிசி மூட்டையை, பிரிக்காமலேயே, பழைய முகாம் வாசலில் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டு வந்தேன். நம் ஷேக்கை அழைத்து, அவன் முன்னால், இன்றிலிருந்து ஹம்தான் எனக்குக் கிரீவ் இல்லை என்று சொன்னேன். ஷேக் திகைத்துப்போனான். "இதுக்கு முன்னால யாரும் இப்படிச் சொன்னதில்லையே" என்றான். "இதுக்கு முன்னால யாரும் இப்படிச் செஞ்சதில்லையே" என்றேன். பையனைப் பற்றியும் அவனிடமே சொல்லிவிட்டேன். அவன் எழுந்து போய்விட்டான். நம் ஆட்களில் சிலர் என்னோடு பேசுவதில்லை. பெசேயிடம் யாரோ, "உன் அப்பாவுக்குப் படிச்சதும் புத்தி கலங்கிடுச்சு" என்றார்களாம். "கலங்கலை, இப்பத்தான் தெளிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இனி நீ கேட்க விரும்புவது. நான் சொன்ன கிட்டங்கியை வைத்து, ஹம்தான் குடிமாறிப் போன ஊரை விசாரணைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நம் கோதுமையை எத்தனை வருஷம் கழுதையில் ஏற்றிப்போய் அங்கே கொட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? வீடு பூட்டியிருக்கிறது. கூண்டு இருக்கிறது, புறாக்கள் இருக்கின்றன, பையன் இல்லை. மகளே, உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாளாம், ஏப்ரல் கடைசியில் கிழவன் பையனைக் கூட்டிக்கொண்டு போனான் என்று. புறாக்களை விட்டு வரமாட்டேன் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதானாம். நீ நீதிமன்றத்தில் பேசி ஒரு வாரத்துக்குப் பிறகும் அவன் உயிரோடு, பிடிவாதத்தோடு இருந்திருக்கிறான். சட்டைக்கு மேல் பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தானாம். குளிரைப் பற்றி நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதனால் அதையும் கேட்கச் சொன்னேன்.

எல்லையில் காவலர்களிடம் அவன் படம் இல்லை, ஏனென்றால் நம்மிடம் படம் இல்லை. நான் பார்த்ததைச் சொல்லச் சொல்ல ஒருவர் வரைந்தார். காதைப் பெரிதாக வரைந்துவிட்டார், திருத்தச் சொன்னேன். மோசூல் பக்கம் ஒரு கிழவனையும் பையனையும் பார்த்ததாக நேற்று ஒரு தகவல் வந்திருக்கிறது. அவனா, வேறு யாரோவா, தெரியாது. நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம்.

செம்புதனன்று பெசே முட்டைகளுக்குச் சாயம் போட்டாள். உனக்கு ஒன்று, இறந்துபோன நம்மவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. நான் இன்னொன்று கேட்டேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மஞ்சள் நிறம். வேகவைத்த முட்டை, பத்திரமாக வைத்திருக்கிறேன், கொஞ்ச நாளில் நாறும், நாறட்டும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியாது. ஹம்தான் படத்தைக் காட்டும்போது ஒரு பெயர் சொன்னான். அது அவர்கள் வைத்த பெயர். அதை நான் வாயால் சொல்லமாட்டேன், தாளிலும் எழுதமாட்டேன். அந்த வீட்டில், யாரும் இல்லாதபோது, அவனைத் தூங்கவைக்க நீ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாய். அதை எழுதி அனுப்பு. தேடுகிறவர்கள் அவனைக் கண்டுபிடிக்கும்போது யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அப்போதுதான் அவன் திரும்பிப் பார்ப்பான்.

நான் எழுதிப் பழக வேண்டும், கை மெதுவானது. உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன். வந்துவிட்டால், முதல் வரியில் அவன் பெயரைப் பார்ப்பாய்.

ஜெந்தோ